முதலில் படம், அப்புறம் தொகையீடு

ஸ்டடி வீக் தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, மல்டிவேரியபிள் கால்குலஸுக்கு எந்தச் சாப்டர் முக்கியம்?"

பினாங்கில் சுங்கை டுவா பக்கம் குடியிருக்கிறேன். சாலையைத் தாண்டினால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருவதால், செமஸ்டர் முடியும் நேரத்தில் நம் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கணிதம் படிப்பவர்கள், இயற்பியல் படிப்பவர்கள், அக்கரையில் பொறியியல் படித்துவிட்டு வார இறுதியில் தீவுக்கு வருபவர்கள் என்று எல்லாரும் உண்டு. எல்லார் கையிலும் ஒரு கட்டு பழைய வினாத்தாள் இருக்கும். "பாஸ்ட் இயர் எல்லாம் செய்தாச்சு அக்கா" என்பார்கள். உண்மையாகவே செய்திருப்பார்கள். பக்கம் பக்கமாகத் தொகையிட்டிருப்பார்கள் (இன்டக்ரேஷன்). ஆனால் புதிதாக ஒரு கேள்வியை நீட்டினால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால்தான் எந்தச் சாப்டர் என்று கேட்பவர்களுக்கு நான் சாப்டர் பெயரைச் சொல்வதில்லை. பென்சில் எடுத்துக்கொண்டு வா, படம் வரையலாம் என்கிறேன்.

ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ படித்த கால்குலஸ் ஒரே மாறியைக் கொண்டது. தொகையீட்டின் எல்லைகள் கேள்வியிலேயே இருக்கும். பூஜ்யத்திலிருந்து 2 வரை என்று கொடுத்துவிட்டார்களா, நம் வேலை தொகையிடுவது மட்டும். அங்கே வேகமாகக் கணக்குப் போடுபவர் நல்ல மதிப்பெண் வாங்கலாம். இரண்டு மாறி, மூன்று மாறி என்று வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. கேள்வி ஒரு பரப்பையோ ஒரு திடப்பொருளையோ சொற்களால் விவரிக்கும். எல்லைகளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த ஆயத்தொலைவு முறை (கோஆர்டினேட் சிஸ்டம்), எந்த மாறி உள்ளே, எந்த மாறி வெளியே, எந்தத் தேற்றம் என்பதெல்லாம் நம் முடிவு. அந்த முடிவுகள் சரியாக இருந்தால் மிச்சமுள்ள தொகையீடு பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக் கணக்குதான். முடிவு தவறினால் இரண்டு பக்கம் எழுதியும் கரை சேர முடியாது.

எனவே நான் சொல்லும் பயிற்சி இது. ஒரு பழைய வினாத்தாளை எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் படம் வரையுங்கள், எல்லைகளைக் குறியுங்கள், தொகையீட்டை எழுதுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். விடை காண வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போங்கள். முழுதாகப் போட்டால் 20 நிமிடம் பிடிக்கும் கேள்விக்கு இப்படி 5 நிமிடம் போதும். அந்த 5 நிமிடத்தில்தான் இந்தப் பாடமே இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் மூன்று நான்கு தாள்களில் உள்ள வகைகளையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். பிறகு அவற்றிலிருந்து இரண்டோ மூன்றோ பொறுக்கியெடுத்து முழுதாகப் போட்டால், கையும் பழகிவிடும். மாணவர்களுக்கு முதலில் இது பிடிப்பதில்லை. விடை வராத கணக்கு முடியாத கணக்கு என்று நாம் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். ஒரு வாரம் செய்து பார்த்தவர்கள் பிறகு விடுவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஈ-யின் அடுக்கில் ஒய் வர்க்கம் என்ற சார்பை முதலில் ஒய்யைக் கொண்டு, எக்ஸிலிருந்து 1 வரை தொகையிட வேண்டும். பிறகு எக்ஸைக் கொண்டு பூஜ்யத்திலிருந்து 1 வரை. பார்த்தவுடன் உள்தொகையீட்டில் கை வைத்தால் நகர முடியாது. அந்தச் சார்புக்கு நாம் அறிந்த சாதாரணச் சார்புகளால் எழுதக்கூடிய எதிர்வகைக்கெழுவே (வகையிட்டால் இந்தச் சார்பைத் தரும் சார்பு) கிடையாது. எவ்வளவு திறமைசாலியானாலும் அந்த வழியில் விடை வராது. இப்போது படத்தை வரையுங்கள். ஒய் சமம் எக்ஸ் என்ற கோடு, ஒய் சமம் 1 என்ற கோடு, ஒய் அச்சு. மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். அதே முக்கோணத்தைக் கிடைமட்டக் கீற்றுகளாக வெட்டிப் பார்த்தால், எக்ஸ் பூஜ்யத்திலிருந்து ஒய் வரை போகிறது. ஒய் பூஜ்யத்திலிருந்து 1 வரை. உள்ளே எக்ஸைத் தொகையிட்டதும் ஒரு ஒய் பெருக்கலாக வந்து நிற்கும். அந்த ஒய்தான் நமக்குத் தேவைப்பட்டது. இனிப் பிரதியீடு ஒரே வரி. விடை, ஈ கழித்தல் 1, அதில் பாதி. படம் இல்லாமல் எல்லைகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டவர்களின் விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த எக்ஸ் வெளியே வந்து, கடைசி விடையிலும் எக்ஸ் நிற்கும். முக்கோணத்தின் பரப்புக்குத் தனியாக எக்ஸ் ஏது? படம் வரைந்தவருக்கு அந்தக் குழப்பமே எழாது.

வகையீட்டுப் (டிஃபரன்ஷியேஷன்) பகுதிக்கும் இதே கதைதான். அதை விளக்க எனக்குப் பினாங்கிலேயே நல்ல இடம் இருக்கிறது: கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். மலையின் உயரத்தை எக்ஸ், ஒய் இரண்டையும் சார்ந்த சார்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலப்படத்தில் ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்து வரைந்திருக்கும் சமஉயரக் கோடுகள்தான் பாடப்புத்தகம் சொல்லும் லெவல் கர்வ். கிரேடியன்ட் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, மிக வேகமாக உயரம் கூடும் திசையைக் காட்டும் வெக்டர்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஏறும் மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தை அது ஏறிவிடுகிறது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஜீப் பாதையில் நடந்து போனால் அதே உச்சிக்கு 5 கிலோமீட்டர் வரை நடக்க வேண்டும். ரயில் பெரும்பாலும் சமஉயரக் கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு மேலே போகிறது. ஜீப் பாதை அவற்றைச் சாய்வாகத் தொட்டுத் தொட்டு வளைந்து ஏறுகிறது. கிரேடியன்ட் திசையோடு 60 டிகிரி விலகி நடந்தால் சரிவு சரிபாதி ஆகிவிடும், ஏனென்றால் 60 டிகிரியின் கொசைன் பாதி. 90 டிகிரி விலகினால் சமஉயரக் கோட்டின் மேலேயே நடக்கிறோம், உயரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டைரக்‌ஷனல் டெரிவேட்டிவ் (ஒரு திசையில் நடக்கும்போது உள்ள சரிவு) பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். சூத்திரத்தில் போடுமுன் திசை வெக்டரை அதன் நீளத்தால் வகுக்க வேண்டும் என்பதை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். (3, 4) என்று கொடுத்தால் 5-ஆல் வகுத்த பிறகே புள்ளிப் பெருக்கல்.

ஒரு நிபந்தனைக்குள் மிகப் பெரிய, மிகச் சிறிய மதிப்பைத் தேடும் லக்ராஞ்சின் முறையையும் அதே மலை சொல்லிக்கொடுக்கும். நீங்கள் உச்சிக்குப் போகவில்லை, குறிப்பிட்ட ஒரு பாதையில் மட்டும் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதையில் எந்த இடம் மிக உயரம்? பாதை ஒரு சமஉயரக் கோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் எல்லாம் நீங்கள் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறீர்கள். அப்படியானால் மிக உயர்ந்த இடத்தில் பாதை அந்தக் கோட்டை வெட்டாமல் தொட்டுச் செல்ல வேண்டும். தொட்டுச் சென்றால் இரண்டின் செங்குத்துகளும் ஒரே கோட்டில் இருக்கும். உயரத்தின் கிரேடியன்ட், நிபந்தனையின் கிரேடியன்ட்டை ஒரு லாம்டாவால் பெருக்கியது என்ற சமன்பாடு இங்கிருந்துதான் வருகிறது. இதைப் படமாகப் புரிந்துகொண்டவர் தேர்வு அறையில் சூத்திரம் மறந்தாலும் தானே எழுதிக்கொள்வார்.

லக்ராஞ்ச் கணக்கில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது அதற்கு அடுத்த வரியில்தான். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 2 ஒய் வர்க்கம் என்ற சார்பை அலகு வட்டத்தின் (ஆரம் 1) மேல் பாருங்கள். முதல் சமன்பாடு: 2 எக்ஸ் சமம் 2 லாம்டா எக்ஸ். உடனே இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டு லாம்டா சமம் 1 என்று எழுதினால், ஒய் பூஜ்யம், சார்பின் மதிப்பு 1 என்று கணக்கு முடிந்துவிடும். ஆனால் அது மிகச் சிறிய மதிப்பு. மிகப் பெரிய மதிப்பான 2, எக்ஸ் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் இருக்கிறது. எக்ஸை அடித்தபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டோம். எதைக் கொண்டு வகுத்தாலும், அது பூஜ்யமானால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிப் பழகுங்கள். அப்புறம், கேள்வியில் வட்டம் என்று இருக்கிறதா, வட்டத்தகடு என்று இருக்கிறதா என்று இரண்டு முறை படியுங்கள். தகடு என்றால் உள்ளே உள்ள நிலைப்புள்ளிகளையும் (கிரேடியன்ட் பூஜ்யமாகும் இடங்கள்) தேட வேண்டும், விளிம்பையும் பார்க்க வேண்டும்.

லிமிட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லா நேர்கோடுகள் வழியாகவும் ஒரே மதிப்பு வந்துவிட்டது என்பதால் லிமிட் இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. எக்ஸ் வர்க்கம் ஒய்யை, எக்ஸ் நான்கடுக்கு கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஆதிப்புள்ளிக்கு எந்த நேர்கோட்டில் போனாலும் பூஜ்யம். ஒய் சமம் எக்ஸ் வர்க்கம் என்ற பரவளையத்தில் போனால் பாதி. இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் போதும். அதேபோல, நிலைப்புள்ளி உச்சமா பள்ளமா என்று பார்க்கும் இரண்டாம் வகைக்கெழுச் சோதனையில் பூஜ்யம் வந்தால் சோதனை எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். அங்கே சார்பையே நேராகப் பார்த்துப் பேச வேண்டும்.

ஆயத்தொலைவு முறைகளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்தே வருகின்றனவா, போலார், அதாவது ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரமும் (ஆர்) கோணமும். அத்தோடு உயரம் தனியாக வருகிறதா, உருளை முறை. மூன்றும் சேர்ந்து வருகின்றனவா, கூம்பும் கோளமும் தெரிகின்றனவா, கோள முறை. இதுவரை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். மாற்றும்போது கூடவே பெருக்க வேண்டிய ஜேக்கோபியன் என்ற காரணிதான் விடுபடும்: போலாரில் ஆர், கோள முறையில் ரோ வர்க்கம் சைன் ஃபை (ரோ ஆதிப்புள்ளியிலிருந்து தூரம், ஃபை மேல் நோக்கிய அச்சிலிருந்து அளக்கும் கோணம்). ஏன் ஆர் வருகிறது என்பதற்கும் படமே போதும். ஆதிப்புள்ளியிலிருந்து விலக விலக, அதே கோண அளவுள்ள சிறு துண்டு அகலமாகிக்கொண்டே போகிறது; அந்த அகலம் ஆர் மடங்கு.

இயற்பியல் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் இயற்பியல் வகுப்பில் மேலிருந்து அளக்கும் கோணத்தைத் தீட்டா என்பார்கள். கால்குலஸ் வகுப்பில் பெரும்பாலும் அது ஃபை. இரண்டு வகுப்புக் குறிப்புகளையும் கலந்து படித்து, சைனுக்குள் தவறான கோணத்தைப் போட்டவர்கள் உண்டு. விடைத்தாளில் முதலில் ஒரு சின்னப் படம் வரைந்து எந்தக் கோணம் எது என்று குறித்துவிட்டால் திருத்துபவருக்கும் தெளிவாக இருக்கும், உங்களுக்கும் பாதுகாப்பு.

வெக்டர் கால்குலஸ் செமஸ்டரின் கடைசி வாரங்களில் வரும். அந்த நேரத்தில் மற்ற பாடங்களின் அசைன்மென்ட், பிரசென்டேஷன் எல்லாம் குவிந்திருக்கும். அதனால் கிரீன், ஸ்டோக்ஸ், டைவர்ஜன்ஸ் தேற்றங்களைப் பலர் அரைகுறையாகவே படிக்கிறார்கள். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. பாடத்தின் மிக அழகான பகுதி இதுதான். ஓர் எல்லையைச் சுற்றி நடப்பதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பதைத்தான் மூன்று தேற்றங்களும் மூன்று விதமாகச் சொல்கின்றன. கிரீன் நாட்டிங்ஹாமில் தந்தையின் மாவு ஆலையில் வேலை செய்துகொண்டே தானாகக் கணிதம் படித்தவர். 1828-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் அவர் பெயரால் சொல்லும் தேற்றம்.

ஸ்டோக்ஸ் தேற்றத்தின் கதை தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1850-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். 1854-இல் கேம்பிரிட்ஜில் ஸ்மித் பரிசுத் தேர்வுக்கு வினாத்தாள் அமைத்த ஸ்டோக்ஸ், இதை நிறுவச் சொல்லி ஒரு கேள்வியாகவே கேட்டுவிட்டார். தேற்றம் முதன்முதலில் அச்சேறியதே அந்த வினாத்தாளில்தான். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். அந்த ஆண்டுப் பரிசை அவரும் எட்வர்ட் ரவுத்தும் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு மின்காந்தவியலை மாக்ஸ்வெல் எழுதியபோது இந்தத் தேற்றம் அவருக்குக் கைகொடுத்தது. நாம் தேர்வுக்காகப் படிக்கும் ஒன்று, தேர்வுக் கேள்வியாகவே உலகத்துக்கு வந்தது என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் மாறும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இந்தப் பகுதியில் கேள்வியைப் படித்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: வளைவு மூடியிருக்கிறதா? பரப்பு மூடியிருக்கிறதா? உள்ளே வெக்டர் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர்) வரையறுக்கப்படாத புள்ளி ஏதாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மைனஸ் ஒய், எக்ஸ் இரண்டையும் எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுத்து வரும் புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிப்புள்ளியைத் தவிர எங்கும் அதன் சுழற்சி (கர்ல்) பூஜ்யம். ஆகவே அலகு வட்டத்தைச் சுற்றி அதைத் தொகையிடச் சொன்னால், கிரீன் தேற்றப்படி விடை பூஜ்யம் என்று எழுதத் தோன்றும். அலகு வட்டத்தை நேராகச் சுற்றிக் கணக்கிட்டால் 2 பை வருகிறது. ஆதிப்புள்ளியில் புலமே இல்லை, அதனால் அங்கே தேற்றத்தைப் பயன்படுத்த உரிமையும் இல்லை. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

பரப்பு மூடாமல் இருந்தால் நாமே ஒரு மூடி போட்டுக்கொள்ளலாம். அலகு ஆரமுள்ள மேல் அரைக்கோளத்தின் வழியாக எக்ஸ், ஒய், இசட் என்ற புலம் எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்டால், கீழே ஒரு வட்டத்தகட்டை வைத்து மூடுங்கள். டைவர்ஜன்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே பரவும் அளவு) 3, அரைக்கோளத்தின் கன அளவு 2 பையில் மூன்றில் ஒரு பங்கு, ஆக மொத்தம் 2 பை. தகட்டின் மேல் இசட் பூஜ்யம், அதன் வழியாக எதுவும் போகவில்லை. எனவே விடை 2 பையேதான். தகட்டின் வழியாக ஏதாவது போகும் கேள்வியாக இருந்தால் அதைக் கழிக்க மறந்துவிடாதீர்கள்.

தனியாகப் படிப்பதைவிட இந்தப் பாடத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உட்காருவது நல்லது. நூலகத்தில் பேச முடியாது என்றால் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் படத்தை வரையாமல் வாயால் விவரிக்க வேண்டும், மற்றவர் அதைக் கேட்டு வரைய வேண்டும். "கூம்பு கீழிருந்து வருது, மேல கோளம் மூடுது, ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல ஒரு வட்டம்" என்று தமிழிலேயே பேசுங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு சொல்லி வளர்ந்த பிள்ளை, வடிவத்தைத் தமிழில் யோசிப்பதில் குறை எதுவும் இல்லை. சொல்லும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளில் முதல் செமஸ்டர் தேர்வு தைப்பூசத்தை ஒட்டி வந்துவிடும். தண்ணீர்ப் பந்தலில் நண்பர்கள் எல்லாரும் நிற்கும்போது அறைக்குள் உட்கார்ந்து படிப்பது பினாங்குப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். போகாதே என்று நான் சொன்னதில்லை. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய் வாருங்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரத்திலேயே, படம் வரைந்து தொகையீட்டை அமைக்கும் அந்தச் செட்டப் பயிற்சியை முடித்திருந்தால், திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது மட்டுமே மிச்சம் இருக்கும். இரவெல்லாம் கண்விழித்துப் புதிதாக ஒரு தேற்றத்தைப் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தேர்வு அறையில் எதையும் எழுதுமுன் தாள் முழுவதையும் படியுங்கள். படம் பளிச்சென்று தோன்றும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். தொகையீட்டைச் சரியாக அமைத்துவிட்டு முடிக்க நேரமில்லை என்றால், அமைத்ததை அடித்துவிடாமல் அப்படியே விடுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. முடிந்தபின் விடையை ஒருமுறை படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கன அளவு மைனஸில் வந்திருக்கிறதா? திடப்பொருள் ஒரு கோளத்துக்குள் அடங்கும் என்று படம் சொல்லும்போது, விடை கோளத்தைவிடப் பெரிதாக வந்திருக்கிறதா? ஒற்றைச் சார்பை (எக்ஸின் குறி மாறினால் மதிப்பின் குறியும் மாறும் சார்பு) அதற்கேற்பச் சமச்சீரான பரப்பில் தொகையிட்டு, விடை பூஜ்யம் அல்லாமல் இருக்கிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த வாரம் என்னிடம் வருபவர்களுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட, ஆரம் 2 உள்ள கோளம். இசட் சமம், எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தின் வர்க்கமூலம் என்ற கூம்பு. கூம்புக்கு மேலே, கோளத்துக்குள்ளே இருக்கும் பகுதியின் கன அளவைச் சாதாரண எக்ஸ்-ஒய்-இசட் முறை, உருளை முறை, கோள முறை மூன்றிலும் அமைத்துக்கொண்டு வாருங்கள். தொகையிட வேண்டாம். எது மிகச் சுருக்கமாக இருக்கிறது, ஏன் என்று மட்டும் எழுதுங்கள். சரிபார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: விடை ஏறத்தாழ 4.9 கன அலகு.